ரிச்சர்ட் யூல்: ரிசின் நச்சிலிருந்து பார்க்கின் வரை. தொடர்பு எங்கே, அந்தச் சோதனையை எப்படிச் செய்வது?

கேள்வி: தளிர்முனை

வணக்கம். எம்.எஸ்சி. இறுதியாண்டு செமினாருக்கு ரிச்சர்ட் யூலின் ஆய்வுப் பணியை எடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள என்ஐஎச் (தேசிய நலவாழ்வு நிறுவனங்கள்) வளாகத்தில், நரம்பியல் நோய்களுக்கான தேசிய நிறுவனத்தில் ஆய்வகம் நடத்துபவர். பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் எப்படி அடையாளம் கண்டு அகற்றுகிறது என்று காட்டியதற்காக 2021ஆம் ஆண்டின் பிரேக்த்ரூ பரிசு பெற்றவர். மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும்.

ஒன்று, அவருடைய தொடக்ககால வேலை முழுக்க ரிசின் (ஆமணக்கு விதையின் நச்சு), டிப்தீரியா நச்சு பற்றியது. பிறகு அப்போப்டோசிஸ் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது). அதன்பிறகு பார்க்கின்சன் நோய். இடையில் துறை மாறினாரா, அல்லது உள்ளே ஒரு தொடர்ச்சி இருக்கிறதா?

இரண்டு, 2008இல் வந்த பார்க்கின் (பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள ஒரு புரதம்) இடமாற்றச் சோதனையைத் துறையின் ஆய்வகத்தில் செய்து காட்டச் சொல்கிறார்கள். ஹீலா செல்கள், ஒய்எஃப்பி என்ற ஒளிரும் புரதம் ஒட்டிய பார்க்கினின் பிளாஸ்மிட், கோன்ஃபோகல் நுண்ணோக்கி மூன்றும் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைப் போக்கும் சிசிசிபி மருந்து கொடுத்துச் சில மணி நேரத்திலேயே டாம்20 (மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுப் புரதம்) நிறம் மங்கிவிடுகிறது. இதை மைட்டோபேஜி (செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் மைட்டோகாண்ட்ரியா அழிவது) என்று எழுதலாமா?

மூன்று, "மைட்டோபேஜி நின்றுபோவதால் பார்க்கின்சன் வருகிறது" என்று ஸ்லைடில் போட்டால் யாராவது மடக்குவார்களா?

பதில் 1: இழைமணி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். சோதனை பற்றி நுண்ணோக்கி எழுதுவார், அவர் கை பழகிய விஷயம்.

யூல் துறை மாறினார் என்று ஸ்லைடில் போடாதீர்கள். அவருடைய கேள்வி கடைசிவரை கிட்டத்தட்ட ஒன்றுதான்: நீரில் கரைந்து கிடக்கும் ஒரு புரதம், எந்தக் கட்டத்தில், எதைக் கண்டு, ஒரு சவ்வில் போய் ஒட்டுகிறது அல்லது அதைத் துளைக்கிறது? முதலில் அந்தப் புரதம் நச்சு, பிறகு செல்சாவைத் தூண்டும் பாக்ஸ், அதன்பிறகு பார்க்கின்.

ரிசினில் இரண்டு சங்கிலிகள். பி சங்கிலி செல்லின் மேற்பரப்பிலுள்ள கேலக்டோஸைப் பிடிக்கும். ஏ சங்கிலி உள்ளே போய் ரைபோசோமின் 28எஸ் ஆர்என்ஏவில் ஒரே ஒரு அடினினைக் கழற்றிவிடும், அதோடு புரத உற்பத்தி நின்றுவிடும். 1980இல் டேவிட் நெவிலுடன் சேர்ந்து, தை-1.2 என்ற மேற்பரப்புப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு ரிசினை இணைத்து, குறிப்பிட்ட செல்களை மட்டும் கொல்ல முடியும் என்று காட்டினார். அந்தச் சோதனையில் மீடியத்தில் லாக்டோஸ் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பி சங்கிலி கண்ட செல்லிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும், ஆன்டிபாடி இருந்தும் பயனில்லை.

டிப்தீரியா நச்சில் இந்தப் பிரிவினை இன்னும் தெளிவு: ஏற்பியைப் பிடிக்க ஒரு பகுதி, சவ்வைக் கடக்க ஒரு பகுதி, வேதிவேலை செய்ய ஒரு பகுதி. செல் உள்ளிழுத்த பையான எண்டோசோமின் அமிலத்தில் நடுப்பகுதியின் நீர்வெறுக்கும் சுருள்கள் சவ்வுக்குள் செருகிக்கொள்ளும். ஏற்பியைப் பிடிக்கும் திறனைக் கெடுத்து, கடக்கும் திறனை விட்டுவைத்த சிஆர்எம்107 என்ற திரிபை 1987இல் விவரித்தார்கள். அதை டிரான்ஸ்ஃபெரின் என்ற இரும்பு சுமக்கும் புரதத்தோடு இணைத்து மூளைப் புற்றுநோயாளிகளுக்குக் கட்டிக்குள்ளேயே நேரடியாகச் செலுத்திப் பார்த்த முடிவுகள் 1997இல் வந்தன.

திருப்பம் 1996இல். பாக்ஸின் குடும்பத்தைச் சேர்ந்த பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தின் முப்பரிமாண அமைப்பை வேறொரு குழு வெளியிட்டது. அது டிப்தீரியா நச்சின் சவ்வு கடக்கும் பகுதியைப் போலவே இருந்தது. நச்சில் பழகிய கண்ணுக்கு இது சும்மா விடக்கூடிய ஒற்றுமை இல்லை. அடுத்த ஆண்டே யூலின் ஆய்வகத்திலிருந்து வந்தவைதான் பாக்ஸ் பற்றிய கட்டுரைகள். நலமான செல்லில் பாக்ஸ் சைட்டோசாலில் (செல்லின் உள்நீரில்) கரைந்து கிடக்கிறது. சாவுக்கான தூண்டல் கிடைத்ததும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. ஜிஎஃப்பி ஒட்டிய பாக்ஸை வைத்து உயிருள்ள செல்லிலேயே இதைப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு வந்த இன்னொரு கட்டுரையை எல்லோரும் தாண்டிப்போய்விடுகிறார்கள். அதைக் கட்டாயம் ஒரு ஸ்லைடில் வையுங்கள். டிரைட்டான் எக்ஸ்-100, என்பி-40 மாதிரியான அயனியற்ற டிடர்ஜென்டில் செல்லை உடைத்தால் பாக்ஸின் வடிவமே மாறி, மற்றக் குடும்பப் புரதங்களோடு இணையாக ஒட்டிக்கொள்கிறது. சாப்ஸ் என்ற டிடர்ஜென்டில் உடைத்தால் அப்படி நடப்பதில்லை. அதாவது அதுவரை இம்யூனோபிரசிபிடேஷனில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து இழுக்கும் முறையில்) பார்த்த இணைப்புகளில் ஒரு பங்கு, செல்லில் இல்லாமல் குழாயில் உருவானது. "புரதம் எங்கே இருக்கிறது என்பதை உடைக்காத செல்லில் பார்" என்ற பழக்கம் அந்த ஆய்வகத்தில் ஊறியதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

2000இல் பாக்ஸின் அமைப்பு வந்தது. வால்பகுதிச் சுருள் தன்னுடைய பள்ளத்திலேயே மடங்கி ஒளிந்திருப்பதால்தான் அது கரைந்து கிடக்கிறது என்று புரிந்தது. 2001இல், மைட்டோகாண்ட்ரியாவைத் துண்டாக்கும் டிஆர்பி1 புரதத்தை முடக்கினால் செல்சாவு தாமதமாகிறது என்று காட்டினார்கள். இப்படி மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வையே பத்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வகம் அது.

மறுபக்கம் மரபியல் தனியாக வளர்ந்தது. இளவயதில் வரும் ஒடுங்குவகைப் (ஜீனின் இரண்டு பிரதிகளும் கெட்டால் வரும்) பார்க்கின்சனுக்குக் காரணமான பார்க்கின் ஜீனை 1998இல் ஜப்பானில் கண்டார்கள். 2000இல் அது, யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளப் புரதத்தை மற்றப் புரதங்களில் ஒட்டும் இ3 லைகேஸ் நொதி என்று தெரிந்தது. 2004இல் அதே வகை நோய்க்கு இன்னொரு காரணமான பிங்க்1 ஜீன். 2006இல் பழ ஈயில் இரண்டு குழுக்கள், பிங்க்1 இல்லாத ஈயின் பறக்கும் தசையில் மைட்டோகாண்ட்ரியா வீங்கிச் சிதைவதையும், பார்க்கினைக் கூட்டிக்கொடுத்தால் அது சரியாவதையும் காட்டின. ஆக, பிங்க்1 மேலே, பார்க்கின் கீழே. இரண்டும் மைட்டோகாண்ட்ரியாவில் என்னதான் செய்கின்றன என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

2008இல் டெரெக் நரேந்திராவும் சகாக்களும் யூலின் ஆய்வகத்தில் செய்தது, பாக்ஸுக்குச் செய்த அதே சோதனை. ஒளிரும் பார்க்கினைச் செல்லில் வைத்து, மைட்டோகாண்ட்ரியாவைப் பழுதாக்கிப் பார்த்தார்கள். சவ்வு மின்னழுத்தம் இழந்த மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் பார்க்கின் போனது, பிறகு அவை ஆட்டோபேஜியில் (செல் தன் பாகங்களைத் தானே செரிக்கும் வழி) அழிந்தன. செமினாரின் முதுகெலும்பு இந்த இரண்டு படங்கள்தான்: 1997இன் பாக்ஸ், 2008இன் பார்க்கின். பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பதில் 2: நுண்ணோக்கி

சோதனைக்கு வருவோம். டாம்20 மங்குவதை மைட்டோபேஜி என்று எழுதக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன், முதலில் செய்முறை.

ஹீலாவைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அதில் சொந்தப் பார்க்கின் கிட்டத்தட்ட இல்லை என்பதுதான். நீங்கள் கொடுப்பதைத் தவிர வேறு பார்க்கின் குறுக்கே வராது. ஆனால் பிளாஸ்மிட்டைத் தற்காலிகமாக ஏற்றினால் சில செல்களில் பளிச்சென்றும் சிலவற்றில் மங்கலாகவும் இருக்கும். பளிச்சென்ற செல்கள்தான் கண்ணை இழுக்கும், அவைதான் நம்ப முடியாதவை. முடிந்தால் நிலையான செல் லைன் உருவாக்கி, குறைந்த ஒளிர்வுள்ள பகுதியை மட்டும் பிரித்து வையுங்கள். முடியாவிட்டால் 24 குழித் தட்டில் ஒரு குழிக்குக் கால் மைக்ரோகிராமுக்கு மேல் பிளாஸ்மிட் போடாமல், 18 முதல் 24 மணி நேரத்தில் சோதனையைத் தொடங்கிவிடுங்கள். டேக் எப்போதும் முன்முனையில் இருக்கட்டும், பின்முனையில் வைத்தால் பார்க்கினின் வேலையே கெடும். முன்முனை டேக்கும் முற்றிலும் அப்பாவி இல்லை, பார்க்கின் தன்னைத்தானே பூட்டிவைத்திருக்கும் பூட்டைச் சற்றுத் தளர்த்துகிறது. அதனால் மருந்து கொடுக்காத செல்களின் படம் கட்டாயம் வேண்டும்.

0.17 மி.மீ. தடிமனுள்ள கவர்ஸ்லிப்பில், குழிக்கு 40,000 முதல் 50,000 செல்கள். அடுத்த நாள் அறுபது எழுபது விழுக்காடு நிரம்பியிருந்தால் போதும். நெருக்கமாக வளர்ந்தால் ஒவ்வொரு செல்லின் மைட்டோகாண்ட்ரியா வலையையும் பிரித்துப் பார்க்க முடியாது.

சிசிசிபியை டிஎம்எஸ்ஓவில் 10 மில்லிமோலார் ஸ்டாக்காகக் கரைத்து, சிறு பங்குகளாக, வெளிச்சம் படாமல் மைனஸ் 20இல் வையுங்கள். ஆயிரத்துக்கு ஒன்று சேர்த்தால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காடு. கன்ட்ரோல் குழிக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ. இங்கே பலருக்குச் சறுக்கும் இடம் சீரம். சிசிசிபி ஆல்புமினோடு ஒட்டிக்கொள்ளும். பத்து விழுக்காடு சீரம் உள்ள மீடியத்தில் 10 மைக்ரோமோலார் சரியாக வேலை செய்யும் சோதனை, சீரம் இல்லாத மீடியத்தில் செல்லையே கொன்றுவிடும். சீரம் பாட்டில் மாறினாலும் அளவை மறுபடி சரிபாருங்கள். ஸ்டாக்கை நேராகக் குழியில் சொட்டுவிடாதீர்கள். சூடான மீடியத்தில் முன்கூட்டியே கலந்து, பழைய மீடியத்தை மாற்றுங்கள். சொட்டுவிட்டால் ஒரு ஓரத்துச் செல்கள் செத்து, மறு ஓரத்தில் ஒன்றுமே நடக்காமல் கிடக்கும்.

மின்னழுத்தம் உண்மையில் போனதா என்று தனியாகப் பாருங்கள். மின்னழுத்தம் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் சேரும் சாயமான டிஎம்ஆர்எம் 20 நானோமோலார், 37 டிகிரியில் 30 நிமிடம், கழுவாமல் உயிருள்ள செல்லில் படம். சிசிசிபி சேர்த்த சில நிமிடங்களில் ஒளி வடிந்துவிட வேண்டும். வடியவில்லை என்றால் ஸ்டாக் பழசு, மேலே போக வேண்டாம்.

நேரப் புள்ளிகள்: 0, 30 நிமிடம், 1 மணி, 2 மணி, பிறகு 24 மணி. அரை மணிக்குள் சில செல்களில் பார்க்கின் நகரத் தொடங்கும், ஒன்றிரண்டு மணிக்குள் பெரும்பாலானவற்றில் முடிந்துவிடும். ஃபிக்ஸ் செய்யும் 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடை 37 டிகிரிக்குச் சூடாக்கியே ஊற்றுங்கள், 15 நிமிடம். குளிர்ந்ததை ஊற்றினால் நலமான மைட்டோகாண்ட்ரியாவே துண்டு துண்டாகத் தெரியும், கன்ட்ரோலுக்கும் மருந்து கொடுத்ததற்கும் வித்தியாசம் குறைந்துபோகும். டிரைட்டான் 0.1 விழுக்காடு 10 நிமிடம், பிறகு பிளாக் செய்து ஆன்டிபாடி.

இப்போது டாம்20. மைட்டோகாண்ட்ரியாவில் இறங்கியதும் பார்க்கின் வெளிச்சவ்வுப் புரதங்களில் யுபிக்விட்டினை அப்பிவிடுகிறது. அவற்றில் பலவற்றை புரோட்டியசோம் என்ற புரதம் அழிக்கும் கருவி அங்கேயே தின்றுவிடும். மைட்டோகாண்ட்ரியாவை ஒன்றோடொன்று இணைக்கும் மைட்டோஃப்யூசின்கள் முதல் சில மணி நேரத்திலேயே போகும், டாம்20 அதற்குப் பின்னால். மைட்டோகாண்ட்ரியா அப்படியே முழுசாக இருக்கும்போதே டாம்20 மங்கும். இது லைசோசோம் செய்த வேலை இல்லை. அதனால் பார்க்கின் போய்ச் சேர்ந்ததா என்பதை 1 அல்லது 2 மணிப் படத்தில் டாம்20ஐ வைத்துக் காட்டுங்கள். மைட்டோகாண்ட்ரியா அழிந்ததா என்பதை 24 மணிப் படத்தில் உள்ளே இருக்கும் ஒன்றை வைத்துக் காட்டுங்கள்: சிஓஎக்ஸ்2, எச்எஸ்பி60, அல்லது டிஎன்ஏ ஆன்டிபாடி. டிஎன்ஏ ஆன்டிபாடி நல்ல தேர்வு. கருவுக்கு வெளியே தெரியும் சிறு புள்ளிகள்தான் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ. பார்க்கின் உள்ள செல்லில் அந்தப் புள்ளிகள் காணாமல்போய், பக்கத்திலுள்ள பார்க்கின் இல்லாத செல்லில் அப்படியே இருந்தால், ஒரே படத்தில் உங்கள் கன்ட்ரோலும் கிடைத்துவிடுகிறது. தற்காலிகமாக ஏற்றிய செல்களால் கிடைக்கும் ஒரே லாபம் இது.

24 மணிக் குழிகளில் க்யூவிடி என்ற காஸ்பேஸ் (செல்சாவு நொதி) தடுப்பானை 10 முதல் 20 மைக்ரோமோலார் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் செல்கள் உதிர்ந்து, பிடித்துக்கொண்டு நிற்பவை மட்டும் எண்ணிக்கையில் வரும்.

எண்ணும்போது ஒரு நிலைக்குக் குறைந்தது 100 செல்கள், மூன்று தனித்தனி நாட்களில் செய்தவை. எந்த ஸ்லைடு எது என்று தெரியாத ஒருவர் எண்ண வேண்டும். பளிச்சென்ற செல்களை விலக்கும் ஒளிர்வு வரம்பை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவுசெய்து எழுதிவையுங்கள்.

பதில் 3: கருந்திட்டு

மூன்றாவது கேள்விக்கு: மடக்குவார்கள், மடக்கவும் வேண்டும்.

மேலே சொன்ன சோதனையில் மூன்று செயற்கைகள் இருக்கின்றன. பார்க்கின் அளவுக்கு மீறி இருக்கிறது. செல் புற்றுநோய்ச் செல், சர்க்கரையைக் கொண்டே பிழைத்துக்கொள்ளும். சிசிசிபி எல்லா மைட்டோகாண்ட்ரியாவையும் ஒரே நேரத்தில் வீழ்த்துகிறது, உடலில் அப்படி நடப்பதில்லை. போதாததற்கு சிசிசிபி ஒரு புரோட்டான் கடத்தி, லைசோசோமின் அமிலத்தன்மையையும் கெடுக்கக்கூடியது. அதனால்தான் பின்னால் வந்த வேலைகளில் ஆலிகோமைசின் 10 மைக்ரோமோலாரும் ஆன்டிமைசின் ஏ 4 மைக்ரோமோலாரும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமானது. ஆன்டிமைசின் எலக்ட்ரான் ஓட்டத்தை நிறுத்தும். ஆனால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைத் தயாரிக்கும் ஏடிபி சிந்தேஸ் தலைகீழாக ஓடி, ஏடிபியைச் செலவழித்து மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கப் பார்க்கும். ஆலிகோமைசின் அந்த வழியையும் அடைக்கிறது. ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் பார்க்கின் நகரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு விடை இதுதான்.

நரம்புச் செல்லில் கதை இன்னும் சிக்கல். நியூரான்கள் ஏடிபிக்குப் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவையே நம்புகின்றன. ஹீலாவுக்குக் கொடுக்கும் அளவில் சிசிசிபி கொடுத்தால் பார்க்கின் நகரும் முன்பே அவை செத்துவிடும். பார்க்கின் நகரவே இல்லை என்று ஒரு குழு, செல்லுடலில் நகர்கிறது என்று ஒரு குழு, ஆக்ஸானிலும் நகர்கிறது என்று இன்னொரு குழு எழுதியிருக்கிறார்கள். மருந்தின் அளவும் நேரமும் வளர்ப்பு மீடியமும் வேறுவேறு.

எலிகளைப் பார்த்தால், பார்க்கின் இல்லாத எலிக்கு டோபமைன் நியூரான்கள் பெரிதாக இறப்பதில்லை. இது இந்தத் துறையின் நெடுநாள் முள். 2015இல் யூலின் ஆய்வகத்தில் அலிசியா பிக்ரெல் அதே எலியை, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் பிழைகள் குவியும் மியூட்டேட்டர் எலியோடு கலந்தார். தனித்தனியாக இந்த நியூரான்களுக்கு எதுவும் ஆகாத இரண்டும் சேர்ந்தபோது சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற மூளைப் பகுதியின் டோபமைன் நியூரான்கள் இறந்தன. 2018இல் அதே ஆய்வகம், பார்க்கின் அல்லது பிங்க்1 இல்லாத எலியைக் களைத்துப்போகும் அளவுக்கு ஓடவிட்டால் அழற்சி எழுவதையும், அழற்சியைத் தூண்டும் ஸ்டிங் என்ற புரதத்தை நீக்கினால் அது அடங்குவதையும் காட்டியது. ஆனால் ஈயில் ஸ்டிங்கை நீக்கிப் பார்த்த வேறொரு குழுவுக்கு அப்படிப் பலன் கிடைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2018இல் எலியிலும் ஈயிலும் தனித்தனியாக வந்த இரண்டு வேலைகள்: உடலில் அன்றாடம் நடக்கும் மைட்டோபேஜிக்குப் பிங்க்1 தேவையே இல்லை. பிங்க்1 இல்லாத எலியின் மூளையிலும் இதயத்திலும் அது வழக்கம்போல நடக்கிறது. அதனால் "மைட்டோபேஜி நின்றுபோவதால்" என்ற சொற்றொடரே தவறு, நிற்கவில்லை. நெருக்கடி வந்தபோது கூடுதலாக இயங்க வேண்டிய ஒரு வழி இயங்கவில்லை என்பதுவரைதான் சான்று இருக்கிறது. மேலும் பிங்க்1, பார்க்கின் இரண்டு பிரதிகளும் கெட்டவர்களுக்கு வரும் இளவயது நோயைத்தான் இது நேராக விளக்குகிறது. அறுபது வயதுக்குமேல் வரும் சாதாரணப் பார்க்கின்சனுக்கு இதை அப்படியே நீட்டக் கூடாது. பார்க்கின் கெட்டவர்களின் மூளையில் பல நேரம் பார்க்கின்சனின் அடையாளமான லூயி உருண்டைகளே (புரதக் கட்டிகள்) இருப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இதைச் சொல்வது யூலின் வேலையைக் குறைக்க இல்லை. தன் கண்டுபிடிப்பின் எலிப் பிரச்சினையைத் தானே எடுத்துக்கொண்டு பத்து ஆண்டு உழைத்த ஆய்வகம் அது. அந்தப் பகுதியைச் செமினாரில் விட்டுவிட்டால்தான் அவருக்கு அநியாயம்.

தளிர்முனை

மிக்க நன்றி, மூவருக்கும். ஒரு தொடர்கேள்வி. பிங்க்1க்கு வெஸ்டர்ன் பிளாட் போட்டோம். மருந்து கொடுக்காத லேனில் ஒன்றுமே தெரியவில்லை, சிசிசிபி லேனில் 65 கிலோடால்டன் பக்கம் ஒரு பட்டை, இரண்டு லேனிலும் 50க்கு அருகில் இன்னொன்று. எது உண்மை? பாஸ்போ-யுபிக்விட்டின் ஆன்டிபாடியும் வாங்கியிருக்கிறோம், அதில் பரவலாகக் கறைபோல வருகிறது.

பதில் 4: பத்துவிழுக்காடு ஜெல்

மருந்து கொடுக்காத லேனில் பிங்க்1 தெரியாததுதான் சரி. அந்த இல்லாமைதான் இந்தப் பாதையின் உணர்கருவி.

நலமான மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்1இன் முன்முனை, மின்னழுத்தத்தின் இழுப்பில் உட்சவ்வுவரை போகிறது. அங்கே பிஏஆர்எல் என்ற புரோட்டியேஸ் 103ஆம் அலனினுக்கும் 104ஆம் ஃபினைல்அலனினுக்கும் இடையில் அதை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டு சைட்டோசாலுக்கு வந்து, புரோட்டியசோமில் உடனுக்குடன் அழிகிறது. மின்னழுத்தம் போனால் இழுப்பு இல்லை, வெட்டும் இல்லை. முழுநீளப் பிங்க்1 வெளிச்சவ்வின் டாம் வாயிலிலேயே தேங்கும். மின்னழுத்தம் போனால் பிங்க்1 வெட்டுப்படாமல் தேங்குவதை யூலின் ஆய்வகம் 2010இல் காட்டியது. அப்படித் தேங்கிய பிங்க்1இன் அமைப்பை 2025இல் மெல்பர்னின் வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தில் படம்பிடித்தார்கள், டாம் தொகுதியும் விடிஏசி என்ற வெளிச்சவ்வுத் துளைப் புரதமும் சேர்ந்த கூட்டத்தின் மேல் இரட்டையாக உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே 65 பக்கத்துப் பட்டை முழுநீளம். 50 பக்கத்தில் இரண்டு லேனிலும் சமமாக வருவதை நம்பாதீர்கள். வெட்டுப்பட்ட பிங்க்1 52 முதல் 55க்குள் ஓடும், அதுவும் எம்ஜி132 போன்ற புரோட்டியசோம் தடுப்பானை 10 மைக்ரோமோலாரில் சில மணி நேரம் கொடுத்தால்தான் தெரியும். மூன்றாவது லேனில் எம்ஜி132 மட்டும் கொடுத்துப் பாருங்கள். உங்கள் 50 பட்டை அசையாமல் அப்படியே இருந்தால் அது ஆன்டிபாடி வேறெதையோ பிடிப்பது. பிங்க்1 ஆன்டிபாடிகளில் இது சகஜம். பிங்க்1 நீக்கிய செல்லின் லைசேட் ஒரு லேன் இல்லாமல் அந்த பிளாட்டை யாருக்கும் காட்ட வேண்டாம்.

பாஸ்போ-யுபிக்விட்டினில் கறைபோல வருவது தவறு இல்லை, அது அப்படித்தான் வர வேண்டும். 2014இல் யூலின் ஆய்வகம் உட்பட மூன்று குழுக்கள் கண்டது இது: பிங்க்1 யுபிக்விட்டினையே 65ஆம் செரினில் பாஸ்பேட் ஏற்றுகிறது. அந்த யுபிக்விட்டின் பார்க்கினின் பூட்டைத் திறந்து, தான் இருக்கும் இடத்துக்கு இழுக்கிறது. பார்க்கின் இன்னும் யுபிக்விட்டின் சங்கிலி கட்டுகிறது, பிங்க்1 அதிலும் பாஸ்பேட் ஏற்றுகிறது, மேலும் பார்க்கின் வருகிறது. சங்கிலிகள் பல நீளத்தில், பல புரதங்களில் ஒட்டியிருப்பதால் ஜெல்லில் கீழிருந்து மேல்வரை பூசினாற்போல் தெரியும். கவலைப்பட வேண்டியது மருந்து கொடுக்காத லேனிலும் அதே பூச்சு இருந்தால் மட்டும்.

பூச்சு மங்கலாக இருந்தால் காரணம் பெரும்பாலும் லைசிஸ் பஃபர். செல்லை உடைத்த அடுத்த நொடியிலிருந்து டியுபிக்விட்டினேஸ்கள் சங்கிலியைக் கத்தரிக்கும், பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றும். என்-எத்தில்மேலிமைடு 10 மில்லிமோலார், பாஸ்பட்டேஸ் தடுப்பான் கலவை, புரோட்டியேஸ் தடுப்பான் மூன்றும் வேண்டும். என்-எத்தில்மேலிமைடு நீரில் சீக்கிரம் சிதையும், எத்தனாலில் அன்றன்று கரைத்துக் கடைசியில் சேருங்கள். பஃபரில் டிடிடி அல்லது மெர்காப்டோஎத்தனால் இருந்தால் அவையே அதைத் தீர்த்துவிடும். அவற்றை சாம்பிள் பஃபரில் மட்டும் வையுங்கள். தட்டை ஐஸில் வைத்து, குளிர்ந்த பிபிஎஸ்ஸால் ஒரே முறை கழுவி, நேராக லைசிஸ். டிரிப்சின் போட்டுப் பிரித்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, பிறகு உடைக்கிற வழக்கம் இதற்கு ஆகாது. சிசிசிபி இல்லாமல் கழியும் அந்த நிமிடங்களில் மின்னழுத்தம் மீண்டு, பிங்க்1 மறுபடி வெட்டுப்படத் தொடங்கிவிடும்.

பதில் 5: நுண்ணோக்கி

லைசோசோமுக்குப் போய்ச் சேர்ந்ததைத் தனியாகக் காட்ட ஆசை என்றால் இரண்டு கருவிகள் உண்டு. எம்டி-கீமா என்ற ஒளிரும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறையில் இருக்கும். நடுநிலையில் 440 நானோமீட்டர் பக்கமும், அமிலத்தில் 586 பக்கமும் ஒளியை உறிஞ்சும். கோன்ஃபோகலில் 458, 561 லேசர்கள், ஒளிர்வை 620 அருகில் பிடிக்க வேண்டும். லைசோசோமின் புரோட்டியேஸ்களுக்கு எளிதில் மசியாது, அதனால் உள்ளே போனதும் ஒளி மாறி நிற்கும். ஆனால் செல்லை ஃபிக்ஸ் செய்தால் அமில வேறுபாடு அழிந்துவிடும், உயிருள்ள செல்லில்தான் படம். ஃபிக்ஸ் செய்தே ஆக வேண்டும் என்றால் மைட்டோ-க்யூசி. அதில் எம்செர்ரி (சிவப்பு), ஜிஎஃப்பி (பச்சை) என்ற ஒளிரும் புரதங்கள் சேர்ந்து வெளிச்சவ்வில் நிற்கும், அமிலத்தில் ஜிஎஃப்பி அணைந்து சிவப்புப் புள்ளி மிஞ்சும். ஃபிக்ஸ் கரைசலின் பிஎச்சை 7.0இல் வையுங்கள், மேலே போனால் அணைந்த ஜிஎஃப்பி மறுபடி எரியும்.

இரண்டில் எதுவானாலும் ஆட்டோபேஜி இயங்காத ஒரு கன்ட்ரோல் வேண்டும். ஆட்டோபேஜிக்குத் தேவையான ஏடிஜி5 நீக்கிய செல் லைன் கிடைத்தால் நல்லது. லைசோசோம் அமிலமாவதைத் தடுக்கும் பாஃபிலோமைசின் 100 நானோமோலாரைக் கடைசிச் சில மணி நேரம் மட்டும் கொடுக்கலாம், இரவு முழுக்க விட்டால் அதுவே மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும்.

பதில் 6: இழைமணி

ஏஎல்எஸ் (இயக்க நரம்புச் செல்கள் இறக்கும் நோய்) பக்கத்தை யாரும் தொடவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன். நோய்களுக்கிடையே இருக்கும் பாலம் அதுதான்.

யுபிக்விட்டின் பூசிய மைட்டோகாண்ட்ரியாவை ஆட்டோபேஜி எப்படிப் பிடிக்கிறது? பி62 என்ற ஏற்பியால் என்றுதான் முதலில் நினைத்தார்கள். யூலின் குழு 2010இலேயே, பி62 இல்லாவிட்டால் மைட்டோகாண்ட்ரியா ஒன்றாகக் கூடுவது நிற்கிறது, ஆனால் அழிவது நிற்கவில்லை என்று எழுதியது. 2015இல் மைக்கேல் லசரூ அந்த ஆய்வகத்தில் இருந்தபோது யுபிக்விட்டினைப் பிடிக்கும் ஐந்து ஆட்டோபேஜி ஏற்பிகளையும் ஒரே ஹீலா செல் லைனில் நீக்கினார். மைட்டோபேஜி முற்றாக நின்றது. பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். என்டிபி52உம் ஆப்டினியூரினும்தான் வேலையைச் செய்தன. இவற்றில் ஆப்டினியூரினின் ஜீன் 2010 முதலே ஏஎல்எஸ்ஸோடு தொடர்புள்ளது என்று தெரியும். ஏஎல்எஸ் நோயாளிகளிடம் கண்ட இ478ஜி திரிபு யுபிக்விட்டினைப் பிடிக்காது, அதைத் திருப்பிக் கொடுத்தபோது மைட்டோபேஜி மீளவில்லை. ஆப்டினியூரினைத் தூண்டும் டிபிகே1 கைனேஸும் ஏஎல்எஸ் ஜீன் பட்டியலில் இருக்கிறது. மைட்டோஃப்யூசின்களை வெளிச்சவ்விலிருந்து பிடுங்கும் பி97 புரதமும் அப்படியே. என்டிபி52 மூளையில் மிகக் குறைவு, அதனால் நியூரானில் பாரம் ஆப்டினியூரின் மேல் விழுகிறது என்று எண்ண இடமிருக்கிறது. கருந்திட்டு சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: இவை எல்லாம் வேறு ஆட்டோபேஜி வேலைகளிலும் இருக்கின்றன, ஏஎல்எஸ்ஸை மைட்டோபேஜி நோய் என்று எழுதிவிட வேண்டாம்.

மூன்றாவது ஸ்லைடின் வாக்கியத்துக்கு என் பரிந்துரை: "பிங்க்1 அல்லது பார்க்கினின் இரண்டு பிரதிகளும் செயலிழந்தால் இளவயதுப் பார்க்கின்சன் வருகிறது. வளர்ப்புச் செல்களில் இவ்விரண்டும் மின்னழுத்தம் இழந்த மைட்டோகாண்ட்ரியாவை அகற்றுகின்றன. நோய் வருவது இந்த இழப்பால்தானா என்பது எலியில் பகுதியளவே காட்டப்பட்டிருக்கிறது." மூன்று வாக்கியமும் ஒரே ஸ்லைடில் இருக்கட்டும், கீழே பிக்ரெலின் எலிப் படம். கேள்வி நேரத்தில் யுஎஸ்பி30 பற்றிக் கேட்பார்கள். பார்க்கின் ஒட்டிய யுபிக்விட்டினைக் கழற்றும் நொதி அது, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்விலேயே நங்கூரமிட்டிருக்கிறது. அதைத் தடுத்தால் மைட்டோபேஜி கூடும் என்று 2014இல் காட்டினார்கள், மருந்து நிறுவனங்கள் அதைத் துரத்துவது அதனால்தான். ஒரு ஸ்லைடைக் கடைசியில் தனியாக வைத்திருங்கள், கேட்டால் மட்டும் திறக்க.